கையுறை போட்ட கை: சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்ட கணம் உங்களுக்கும் உண்டா?

வாசல் நாற்காலி:

அம்மா ஐசியூவில் பன்னிரண்டு நாள். கழுத்தின் பெரிய ரத்தநாளத்துக்குள் மருந்து செலுத்தப் போட்ட குழாய், சென்ட்ரல் லைன். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

ஐந்தாம் நாள் மாலை, பார்வையாளர் நேரம். ஒரு பயிற்சி மருத்துவர் பக்கத்துக் கட்டிலில் எதையோ முடித்துவிட்டு அம்மாவிடம் வந்தார். கையில் நீலக் கையுறை. அதே கையால் நடுவில் இருந்த திரையை இழுத்தார். செல்பேசி அடித்தது. சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்து, அணைத்து, திரும்ப உள்ளே வைத்தார். பிறகு அந்தக் கையாலேயே லைனின் மூடியைத் திருகிக் கழற்றி சிரிஞ்சைப் பொருத்தினார். ஆள்காட்டி விரல் நுனியில் நகத்தளவு அயோடின் கறை இருந்தது. அம்மாவுக்கு அன்று யாரும் அயோடின் தடவவில்லை. அது பக்கத்துக் கட்டிலில் ஒட்டிய கறை.

"டாக்டர்" என்றேன். நிமிர்ந்து பார்த்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம். இரண்டு நாளாகத் தூங்கியிருக்க மாட்டார். "அம்மா நேற்று நன்றாகத் தூங்கினார்களா?" என்று கேட்டுவிட்டேன். "தூங்கினார்கள்" என்று சொல்லிவிட்டு மருந்தைச் செலுத்தினார்.

ஏழாம் நாள் குளிரும் காய்ச்சலும். ரத்தத்தில் கிருமி. அந்த லைனை எடுத்துவிட்டு வேறு இடத்தில் போட்டார்கள், ஆன்டிபயாடிக்கை மாற்றினார்கள். அம்மா பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டார். இரண்டு வருடம் ஆகிறது. கேட்க வேண்டியதை விட்டுவிட்டுத் தூக்கத்தைப் பற்றிக் கேட்டேனே, அது மட்டும் என்னை விடவில்லை. உங்களில் யாராவது அந்த இடத்தில் வாய் திறந்து சொல்லியிருக்கிறீர்களா? எந்த வார்த்தைகளில் சொன்னீர்கள்?

மூன்றாம் ஷிப்ட்:

ஐசியூவில் பதினான்கு வருடமாகச் செவிலியராக இருக்கிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். லைன் போடும்போதே கிருமி ஏறியிருக்கலாம், தோலிலிருந்து குழாயின் வெளிப்பக்கமாக இறங்கியிருக்கலாம், நீங்கள் பார்த்தது போல மூடி வழியாகவும் போயிருக்கலாம். அந்த ஒரு கைதான் காரணம் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. அவர் செய்தது தப்பு, அதில் சந்தேகமில்லை. ஆனால் நீங்கள் இரண்டு வருடமாக உங்களையே தண்டித்துக்கொண்டிருப்பதும் சரியில்லை.

என்னுடையது ஊசிக் குத்து. விடியற்காலை மூன்று மணி, நோயாளி நினைவு தப்பிய நிலையில் கையை உதறிக்கொண்டிருந்தார். ரத்தம் எடுத்த ஊசியை நேராகக் கூர்பொருள் பெட்டியில் போட வேண்டும். பெட்டி எட்டாத தூரத்தில் இருந்தது. மூடியைத் திரும்ப மாட்டப் போனேன். புது மாணவிகளுக்கு நான் முதல் நாளே சொல்லித்தரும் பாடம், அந்த மூடியை மாட்டக் கூடாது என்பதுதான். இடது ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது. கையுறைக்குள்ளே ரத்தம் விரிவதை வெளியிலிருந்தே பார்த்தேன்.

அவர் டிரிப்பைச் சரிசெய்து, படுக்கையின் தடுப்புக் கம்பியை ஏற்றிவிட்டு, அதன் பிறகுதான் போய்க் கை கழுவினேன். மேலே தெரிவிக்க நாற்பது நிமிடம் ஆனது. பயம் கிருமியைப் பற்றியல்ல, "இத்தனை வருட அனுபவத்தில் மூடியை மாட்டினீர்களா?" என்று கேட்பார்களே என்றுதான். அவருக்கு ஹெச்.ஐ.வி. இருந்தது. அப்படிப்பட்ட குத்தில் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று என்று எனக்குத் தெரியும், மற்றவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். 28 நாள் மாத்திரை சாப்பிட்டேன். அந்த 28 நாளும் மகளுக்கு நகம் வெட்டிவிடும் வேலையைக் கணவரிடம் கொடுத்தேன். ஏன் என்று அவரிடம் சொல்லவில்லை. ஆறாம் மாதப் பரிசோதனை வரைக்கும் எல்லாம் நெகட்டிவ். இருந்தாலும் ஊசி மூடியைக் கண்டால் இன்றும் அந்த விரல் மடங்கிக்கொள்கிறது.

எண்ணுகிறவள்:

கை சுத்தம் பற்றிய ஆய்வில் நான் கணக்கெடுப்பாளர். வார்டு மூலையில் நின்றுகொண்டு, உலக சுகாதார நிறுவனம் வகுத்த ஐந்து தருணங்களிலும் யார் கையைத் தேய்த்தார், யார் விட்டார் என்று குறிப்பதுதான் வேலை. நோயாளியைத் தொடும் முன், குழாய், ஊசி போன்ற சுத்தமான வேலைக்கு முன், உடல் திரவம் பட்ட பின், நோயாளியைத் தொட்ட பின், கட்டிலையோ திரையையோ தொட்ட பின். வாசல் நாற்காலி, நீங்கள் எழுதிய அந்தச் சில நொடிகளில் இவற்றில் நான்கு தவறியிருக்கின்றன. படிக்கும்போதே என் கை தானாகக் கட்டங்களில் குறி போட்டது.

பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் எல்லோரும் கழுவுவார்கள். அதனால் முதல் நாள் எடுத்த எண்களை நான் நம்புவதே இல்லை. பத்தாம் நாள் வாக்கில் என்னைச் சுவரோடு சுவராக மறந்துவிடுவார்கள். அப்போதுதான் உண்மை தெரியும். கையுறை போட்டவர்கள் கை கழுவுவது குறைந்துவிடுகிறது என்று ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. கையுறை அவர்களைத்தான் காக்கிறது. அடுத்த நோயாளியைக் காப்பதில்லை.

மறக்க முடியாதது இதுதான். மூத்த செவிலியர் ஒருவர், சானிடைசரைத் தொடவே மாட்டார். மூன்று நாளில் அவர் பெயருக்கு எதிரே பதினொரு பூஜ்யம் போட்டேன். உள்ளுக்குள் கோபம். நான்காம் நாள் கழிவறைக் குழாயடியில் அவர் கையைப் பார்த்தேன். விரல் மூட்டுகளில் தோல் வெடித்து, வெடிப்புக்குள் சிவப்பு. ஒரு ஷிப்ட்டில் எண்ணற்ற தடவை சோப்புப் போட்டதில் வந்த புண். அதன் மேல் ஆல்கஹால் பட்டால் நெருப்பு. என்னைக் கண்டதும் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். என் படிவத்தில் புண்ணுக்குக் கட்டம் கிடையாது. போட்ட பூஜ்யங்களை அப்படியே அனுப்பிவிட்டேன்.

உரத்த குரல்:

மூன்றாம் ஷிப்ட், "தப்பு, ஆனால்" என்றீர்களே, அந்த ஆனாலை நான் ஏற்க மாட்டேன். லைன் தொற்று தலைவிதி அல்ல. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஐசியூக்களில் பீட்டர் ப்ரோனோவோஸ்ட் குழு செய்த ஆய்வு 2006இல் வெளியானது. ஐந்தே காரியங்கள்: கை கழுவு, உடல் முழுக்க விரிப்பு போடு, தோலில் குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினி தடவு, முடிந்தவரை லைனைத் தொடைப் பக்கம் போடாதே, தேவையில்லாத லைனை எடுத்துவிடு. லைன் போட்டிருந்த நாள்கள் ஆயிரத்துக்கு 2.7 தொற்று என்று இருந்த நடுமதிப்பு மூன்றே மாதத்தில் பூஜ்யத்துக்கு வந்தது. "யாராலும் அடித்துச் சொல்ல முடியாது" என்று சொல்லித்தான் எத்தனை வருடம் ஓட்டினார்கள்?

என் அண்ணன் போனது லைன் தொற்றில். அதற்கு மேல் எழுத என்னால் முடியவில்லை.

மூன்றாம் ஷிப்ட்:

உங்கள் அண்ணனுக்காக வருந்துகிறேன், மனதார. சாக்குச் சொல்வதற்காக எழுதவில்லை. நீங்கள் சொன்ன அதே ஆய்வில் இன்னொன்றும் உண்டு. மருத்துவர் ஒரு படியைத் தவறவிட்டால், அவசர நிலை இல்லையென்றால், செவிலியர் நிறுத்தச் சொல்லலாம். நிர்வாகம் அவர் பின்னால் நிற்கும். வேண்டிய சாமான் அத்தனையும் ஒரே வண்டியில் இருக்கும். அந்த ஐந்து காரியம் மட்டும் சுவரில் ஒட்டியிருந்து, ஆளும் வண்டியும் ஆதரவும் இல்லாத இடத்தில் நான் வேலை பார்த்திருக்கிறேன். நிறுத்துங்கள் என்று சொன்ன தோழியை அடுத்த மாதமே வேறு பிரிவுக்கு அனுப்பினார்கள். எனக்கு வலிப்பது அதுதான்.

பழைய மருந்தாளுநர்:

என் கதை சின்னது. குழந்தைக்கு எழுதிய சீட்டு, .5 மி.லி. புள்ளி தாளின் கோட்டின் மேலேயே விழுந்திருந்தது. 5 என்று படித்து அளவைக் குப்பியில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்தத் தாய் நகரவில்லை. "போன தடவை துளித்துளியாகத்தான் கொடுத்தோம். இந்தத் தடவை இவ்வளவா?" என்று கேட்டார். வரிசையில் கூட்டம். "டாக்டர் எழுதியதைத்தான் கொடுக்கிறோம் அம்மா" என்றேன், சற்றுக் கடுப்பாகவே. அவர் குப்பியை மேசையில் வைத்துவிட்டு, "ஒரு தடவை கேட்டுச் சொல்லுங்கள், நான் நிற்கிறேன்" என்றார். தொலைபேசியில் கேட்டேன். பத்து மடங்கு. ரிசீவரை வைத்த பிறகு அந்தக் குப்பியைக் கையில் எடுக்கவே எனக்குத் தைரியம் வரவில்லை.

இதைப் படிப்பவர்கள் சில விஷயங்களைக் கடைப்பிடித்தால் நல்லது. மருந்து எழுதுபவர்கள் புள்ளிக்கு முன் பூஜ்யம் போட வேண்டும், 0.5 என்று. முழு எண்ணுக்குப் பின்னால் புள்ளியும் பூஜ்யமும் போடக் கூடாது, 5.0 என்பது அவசரத்தில் 50 ஆகிவிடும். வாங்குபவர்கள் மருந்தின் பெயர், அளவு, எத்தனை வேளை என்பதை வாய்விட்டுத் திருப்பிச் சொல்லுங்கள். குழந்தைக்குத் திரவ மருந்து என்றால் வீட்டுக் கரண்டியில் அளக்காதீர்கள், கரண்டிக்குக் கரண்டி கொள்ளளவு மாறும். ஊசியில்லாத சிரிஞ்சைக் கேட்டு வாங்குங்கள். சாப்பிடும் எல்லா மருந்தையும், ஒத்துக்கொள்ளாத மருந்தையும் ஒரே தாளில் எழுதிக் கையோடு வைத்திருங்கள். வேறு பிரிவுக்கு மாற்றும்போதும் வீட்டுக்கு அனுப்பும்போதும்தான் மருந்து விட்டுப்போகும், அல்லது இரட்டிப்பாகும். அன்றைக்குத் தாளை எடுத்து ஒப்பிடுங்கள். லைனோ சிறுநீர்க் குழாயோ இருந்தால், "இன்றைக்கும் இது தேவையா?" என்று தினமும் ஒரு முறை கேளுங்கள். வயிற்றுப்போக்குள்ள நோயாளி, கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் (பழைய பெயர் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில்) என்ற குடல் கிருமி என்று சொன்னால், சானிடைசரை மட்டும் நம்பாதீர்கள். அதன் வித்துகள் ஆல்கஹாலுக்குச் சாகாது. சோப்பும் தண்ணீரும் வேண்டும். வீட்டில் பழைய பாதரசத் தெர்மாமீட்டர் இருந்து உடைந்துவிட்டால் துடைப்பத்தால் கூட்டாதீர்கள், வாக்குவம் கிளீனர் கூடவே கூடாது, ஆவியைப் பரப்பிவிடும். குழந்தைகளை வெளியே அனுப்பி, ஜன்னலைத் திறந்து, கெட்டி அட்டையால் பாதரச மணிகளை ஒன்று சேர்த்து, மூடியுள்ள பாட்டிலில் எடுங்கள்.

உரத்த குரல்:

ஐயா, கை கழுவும் பேச்சில் தெர்மாமீட்டர் எங்கிருந்து வந்தது?

எண்ணுகிறவள்:

வந்தது நல்லதுதான். ஒரு வார்டில் நான் கணக்கெடுத்துக்கொண்டிருந்தபோது தெர்மாமீட்டர் விழுந்து உடைந்தது. கை கழுவும் தொட்டியிலேயே தள்ளித் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். ஒரு பாதரச மணி மட்டும் வடிகால் விளிம்பில் நின்று நடுங்கிவிட்டு உள்ளே இறங்கியது. அந்த வார்டு முழுக்கக் கை கழுவுவது அந்தத் தொட்டியில்தான். நீரில் போகும் பாதரசம் மீனில் சேர்ந்து மனிதனிடமே திரும்பி வரும். ஜப்பானின் மினமாட்டாவில் 1956இல் அப்படிப் பாதரச நஞ்சால் வரும் நோயை முதலில் அடையாளம் கண்டார்கள். அந்த ஊரின் பெயரில்தான் பின்னால் பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தமே வந்தது. அன்று என் படிவத்தில் நான் குறித்தது, "கை கழுவினார், ஆம்."

வாசல் நாற்காலி:

மருந்தாளுநர் ஐயா, அந்தத் தாயின் "நான் நிற்கிறேன்" என்ற சொல்லைப் பலமுறை படித்துவிட்டேன். அவர் யாரையும் குற்றம் சாட்டவில்லை, நின்றார். எனக்கு அது வரவில்லை.

எண்ணுகிறவள்:

உங்களுக்கு மட்டுமல்ல. மருத்துவரிடம் கை கழுவினீர்களா என்று கேட்பீர்களா என்று ஆய்வில் கேட்டால் பலரும் கேட்போம் என்பார்கள். உண்மையில் கேட்டவர்கள் மிகக் குறைவு. படுத்திருப்பவர் தன் உயிரே அந்தக் கையில் இருக்கிறது என்று நினைக்கும்போது எப்படிக் கேட்பார்?

விடுதி அறை 14:

நான் அந்த மருத்துவர் இல்லை. ஆனால் அப்படி ஒருவனாக இருந்திருக்கிறேன்.

முப்பது மணி நேரப் பணியின் கடைசி. ஒரு முதியவருக்கு வயிற்றுக் கட்டு மாற்றப் போனேன். கட்டைத் தொடப் போன நேரம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடி மெல்லியது, உலர்ந்த விரல்கள். "தம்பி, கையைக் கழுவிவிட்டு வந்தீர்களா?" என்றார். முகம் சுட்டது எனக்கு. பக்கத்தில் இரண்டு மாணவர்கள் நின்றிருந்தார்கள். வியன்னா பொது மருத்துவமனை, 1847, செம்மல்வைஸ் என்ற மருத்துவர், கை கழுவ அவர் வைத்த குளோரின் கலந்த சுண்ணாம்பு நீர், பிரசவ வார்டில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த சாவு இரண்டானது, சக மருத்துவர்கள் பலர் அப்போதும் நம்பவில்லை. இதையெல்லாம் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். அவர் கேட்டபோது என் வாயில் வந்தது, "கையுறை போட்டிருக்கிறேனே" என்பதுதான்.

அவர் பதில் சொல்லவில்லை, பிடியையும் விடவில்லை. கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குழாயடிக்குப் போனேன். திரும்பி வந்தபோது தானே போர்வையை விலக்கி வயிற்றைக் காட்டிக்கொண்டு காத்திருந்தார். நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது. கட்டைப் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். மறுநாள் நான் வரும் முன்பே அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

வாசல் நாற்காலி, எங்களைக் கேளுங்கள். கோபம் வரும். அது அரை நிமிடம்தான்.

வாசல் நாற்காலி:

அடுத்த வியாழக்கிழமை அம்மாவுக்குக் கண்புரை அறுவை. இரண்டு நாளாக ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். "டாக்டர், புதுக் கையுறை போட்டுக்கொள்கிறீர்களா?" இது போதுமா?

மூன்றாம் ஷிப்ட்:

போதாது. புதுக் கையுறையையும் அதே கையால்தான் பெட்டியிலிருந்து எடுப்பார்கள். "கையைச் சுத்தம் செய்துவிட்டுப் போட்டுக்கொள்கிறீர்களா?" என்று கேளுங்கள். அறுவை அரங்குக்குள் உங்களை விட மாட்டார்கள், அங்கே அவர்களுக்கு வேறு முறை உண்டு. அதற்கு முன் சொட்டு மருந்து விடும்போதும், பின்னால் கட்டு மாற்றும்போதும் கேளுங்கள். நர்ஸ் வந்தாலும் கேளுங்கள்.