‘பிளாஷ் ஓஃப்’ நேரத்துக்குத் தமிழ் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

யாழ்ப்பாணத்திலிருந்து, தொழிற்பயிற்சி ஆசிரியர்:

குழுமத்தாருக்கு வணக்கம்.

எங்கள் நிலையத்துப் பொடியள் ஒரு மொரிஸ் மைனர் பிக்கப்பைத் திருத்தி, முடிக்கிற கட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். 1953இல் வரத் தொடங்கிய வகை. மைனர் காருக்குத் தனிச் சட்டகம் கிடையாது, ஆனால் பிக்கப்புக்கும் வானுக்கும் உண்டு. அதனால் முன்கூட்டையும் பின்தட்டையும் கழற்றித் தனித்தனியாகத் துரு எடுக்க வசதியாக இருந்தது. தகர வேலை முடிந்து, பட்டி பார்த்து, பிரைமரும் அடித்தாயிற்று. இனி நிறமும் அதற்கு மேல் கிளியரும் (நிறமில்லாத மேற்பூச்சு)தான் பாக்கி.

அதற்கான செய்முறைப் பாடத்தைத் தமிழில் எழுதுகிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். மற்றச் சொற்களுக்கெல்லாம் ஒருமாதிரி வழி கண்டாயிற்று. ‘பிளாஷ் ஓஃப்’ மட்டும் மாட்டேன் என்கிறது. ஒரு பூச்சு அடித்தபின், அதிலுள்ள தின்னர் கிளம்பிப் போவதற்காக, அடுத்த பூச்சுக்கு முன் விடுகிற நேரம் அது. பெயின்றோடு வரும் தாளில் 20 பாகையில் 5 முதல் 10 நிமிடம் என்பது போலப் போட்டிருப்பார்கள்.

பழைய பாடக்குறிப்பில் ‘உலர் நேரம்’ என்று இருந்தது. பொடியள் அதைச் சரியாகத்தான் படித்தார்கள், உலரட்டும் என்று விட்டார்கள். பழகுவதற்கு வைத்திருந்த கதவொன்றில் கிளியரின் முதல் பூச்சைப் பின்னேரம் அடித்து, இரண்டாவதை மறுநாள் காலை உப்புத்தாள் போடாமலே மேலே அடித்தார்கள். ஒரு கிழமை கழித்து விளிம்பில் நகத்தை வைத்தால் மேற்பூச்சு ஏடாக எழும்பி வருகிறது. வேறொரு மொழிபெயர்ப்பில் ‘மின்னல் நேரம்’ என்று கண்டேன். அதைப் படிக்கிறவன் மின்னல் வேகத்தில் அடுத்த பூச்சை அடிப்பான், அடைபட்ட தின்னர் மேற்பரப்பைத் துளைத்துக்கொண்டு வெளியேறும், ஊசி குத்தினது போல பொட்டுப் பொட்டாக நிற்கும். ஒரு சொல்லால் இரண்டு பக்கமும் பிழைக்க இடம் இருக்கிறது. உதவுங்கள்.

---

கோவையிலிருந்து, பட்டறை நடத்துபவர்:

ஐயா, எங்கள் பட்டறையில் இதற்குப் பேரே கிடையாது. ‘டல் அடிச்சதும் அடுத்த கோட்டு’ என்பார்கள், அவ்வளவுதான். அடித்தவுடன் தண்ணீர் போல மினுமினுக்கும் பரப்பு கொஞ்ச நேரத்தில் மங்கும், நிறப் பூச்சுக்கு அதுதான் அடையாளம். கிளியர் அப்படி மங்காது. அதற்கு வண்டியைத் தொடாமல், ஓரத்தில் ஒட்டியிருக்கிற மறைப்புத்தாளில் தெறித்ததை விரலால் தொட்டு எடுப்பார்கள். விரலோடு நூல் விட்டு வந்தால் இன்னும் ஆகவில்லை. பிசுபிசுவென்று ஒட்டி, ஆனால் நூல் விடாமல் வந்தால் அடிக்கலாம்.

பாடத்தில் ஃபிளாஷ் ஆஃப் என்றே போட்டுவிடுங்கள் என்பது என் கருத்து. பையன் நாளைக்கு வேலைக்குப் போகிற இடத்தில் டப்பாவில் அந்தச் சொல்தான் இருக்கும்.

---

மதுரையிலிருந்து, ஓய்வு பெற்ற தமிழாசிரியர்:

> பேரே கிடையாது

பேர் இருக்கிறது தம்பி. புலர்தல். புறநானூற்றின் மூன்றாம் பாட்டில் இரும்பிடர்த்தலையார் பாண்டியன் வழுதியைப் ‘புலர்சாந்தின் விலங்ககன்ற வியன்மார்ப’ என்று விளிக்கிறார். மார்பில் ஈரமாகப் பூசிய சந்தனம் ஈரம் போய் உடம்போடு ஒட்டி நிற்கிறதே, அந்த நிலை அது. உதிரவும் இல்லை, வழியவும் இல்லை. ஒரு பரப்பின்மேல் ஒரு பூச்சு, அதன் ஈரம் நீங்கும் நிலை. நம் ஆசிரியர் கேட்பதற்கு இதைவிடப் பொருத்தமான சான்று எங்கே கிடைக்கும்? ‘தலையை ஈரம் புலரத் துவட்டு’ என்று இன்றும் சொல்கிற வீடுகள் உண்டு, ஆகவே செத்த சொல்லும் அல்ல.

உலர்தல், காய்தல், வாடல், வற்றல், சுண்டல், புலர்தல் என்று ஈரம் போவதற்கே தமிழில் இத்தனை சொல். குளம் வற்றும், குழம்பு சுண்டும், இலை வாடும். எது எதிலிருந்து எப்படிப் போகிறது என்று பிரித்துச் சொல்லி வைத்திருக்கிறார்கள். ‘புலர்பொழுது’ என்று வினைத்தொகையாக வையுங்கள்.

---

சென்னையிலிருந்து, பெயிண்ட் வேதியியலில் இருப்பவர்:

ஐயாவின் சான்று அருமை, ஆனால் ‘புலர்பொழுது’ என்றால் விடியற்காலை என்றுதான் எவரும் படிப்பார்கள். விடியலில் காற்றில் ஈரம் மிகுதி, அந்த நேரத்தில் பெயிண்ட் அடிக்கச் சொல்லித் தருவதாக ஆகிவிடும்.

‘உலர் நேரம்’ எப்படி வந்தது என்று சொல்கிறேன், ஏனென்றால் குழப்பம் மொழிபெயர்த்தவரிடம் தொடங்கவில்லை. 1923இல் டூபான் நிறுவனம் டியூகோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் பூச்சைக் கொண்டுவந்தது. அதற்கு முன் வார்னிஷ் வகைகளை அடுக்கடுக்காக அடித்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும், புதிய பூச்சு அதைப் பெருமளவு சுருக்கிவிட்டது. நம் ஊரில் பழைய பெயிண்டர்கள் இன்றும் ‘டூக்கோ அடிக்கிறது’ என்பது அந்தப் பேரால்தான். அந்தப் பூச்சில் தின்னர் ஆவியாகப் போனால் கதை முடிந்தது, ஆவியாவதும் உலர்வதும் அதில் ஒன்றே. மேலே புதிதாக அடித்தால் புதுத் தின்னர் பழைய பூச்சைக் கரைத்து ஒன்றாக்கிவிடும், மறுநாள் அடித்தாலும் ஒட்டும். அப்போது ‘உலர் நேரம்’ தப்பே இல்லை.

இப்போது அடிக்கும் இரண்டு டப்பா வகை (பெயிண்டோடு கெட்டியாக்கியைக் கலந்து அடிப்பது) அப்படி இல்லை. தின்னர் போவது ஒன்று, கெட்டியாக்கியோடு வினை நடந்து இறுகுவது வேறொன்று. இறுகியபின் புதுத் தின்னரால் அதைக் கரைக்க முடியாது, அதனால்தான் அந்தக் கதவில் ஏடாக உரிந்தது. மேலே தோல் கட்டி உள்ளே ஈரமாக நிற்கும் வடகம் போல இந்தப் பூச்சு கண்ணை ஏமாற்றவும் செய்யும். ஆகவே நமக்கு வேண்டியது ஆவியாவதைச் சொல்லும் சொல், உலர்வதைச் சொல்வது அல்ல. ‘ஆவிவிடு நேரம்’.

இன்னொன்று, சொல்லோடு சம்பந்தமில்லை, ஆனாலும் எழுதுகிறேன். வாசம் அடங்கியதா என்று மூக்கால் பார்த்து நேரம் கணிக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. கெட்டியாக்கியில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலைக் கெடுக்கும், ஒருமுறை ஒவ்வாமை பிடித்துவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலே மூச்சிரைக்கும். வெளிக்காற்று தரும் முகமூடி இல்லாமல் பொடியன்களை அந்த அறைக்குள் விடாதீர்கள்.

---

கோலாலம்பூரிலிருந்து:

> ஆவிவிடு நேரம்

ஆவி விடுதல் என்றால் இறத்தல். ‘ஆவி விட்டான்’ என்று படித்ததில்லையா? பாடநூலில் இது வேண்டாம்.

அதைவிட எனக்கு வருத்தம், பிரைமர், கிளியர், தின்னர், பெயின்ற் என்று இத்தனையும் அப்படியே விட்டுவிட்டு ஒரே சொல்லுக்கு நான்கு நாளாக மண்டையை உடைப்பது. முதற்பூச்சு, தெளிபூச்சு, நீர்ப்பி என்று எல்லாம் வைக்கலாமே? அதுசரி, ‘பெயின்ற்’ என்று ஏன் றகரம் போட்டு எழுதுகிறீர்கள்?

---

யாழ்ப்பாணம்:

இங்கே அப்படித்தான் எழுதுவோம். ரயர், றோட்டு, பெயின்ற். டயர் என்று சொல்லின் முதலில் டகரம் வருவதைத் தொல்காப்பியமும் நன்னூலும் ஏற்கவில்லை, ரகர றகரங்களையும் ஏற்கவில்லை, ஆகவே இலக்கணத்தைச் சொல்லி வாதாட முடியாது, இது எங்கள் பழக்கம்.

‘நீர்ப்பி’ என்றால் தண்ணீர் ஊற்றச் சொன்னதாகப் பொடியள் எடுத்துவிடுவார்கள். தின்னரும் பெயின்றும் கடையில் கேட்டு வாங்குகிற சாமான், அதற்கு அவர்களிடம் பேர் இருக்கிறது. எனக்குத் தட்டுப்படுகிறது, ஒரு செயலுக்குச் சொல் இல்லாததால் கை பிழைக்கிற இடம் மட்டும்தான்.

---

மதுரை:

> வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ

என்று, வடவெழுத்தை நீக்கி வடசொல்லை எடுத்துக்கொள்ளத் தொல்காப்பியத்தின் எச்சவியலே வழி விட்டிருக்கிறது, கோலாலம்பூர் நண்பர் அவ்வளவு கடுமையாக இருக்க வேண்டியதில்லை. ‘வண்ணம்’ என்கிறோமே, அது ‘வர்ண’த்திலிருந்து வந்தது என்பாரும் உண்டு, ‘வள்’ என்ற வேரிலிருந்து என்பாரும் உண்டு. தொல்காப்பியர் செய்யுளியலில் ‘நாலைந்து’ என்று இருபது வண்ணம் எண்ணுகிறார், ஆனால் அங்கே அது சந்தம். நிறத்துக்கும் சந்தத்துக்கும் ஒரே சொல் எப்படி வந்தது என்பதைத் தனி மடலாக எழுதுகிறேன்.

---

டொராண்டோவிலிருந்து, யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர்:

தம்பி, அந்தப் பிக்கப்பைத் திருத்துகிறீர்கள் என்றதும் சொல்லை விட்டுவிட்டு வண்டியையே நினைத்துக்கொண்டிருந்தேன். பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில் எங்கள் பக்கத்து வண்டிகளெல்லாம் மண்ணெண்ணெயில் ஓடியவை. கொஞ்சம் பெற்றோலை விட்டு உயிர் கொடுத்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள், பின்னால் வருகிறவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வருவார். உங்கள் பிக்கப்பும் அப்படி ஓடியிருந்தால் தகரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு ஊறிக் கிடக்கும், பெயின்றுக்கு முன் நன்றாகத் துடைத்தீர்களா? இல்லாவிட்டால் மீன்கண் மாதிரி வட்டம் வட்டமாக விலகி நிற்கும். எங்கள் ஊரில் ஆளேற்றி ஓடிய பழைய தட்டிவான் ஒன்று எங்கேயாவது மிஞ்சியிருந்தால் அதையும் யாராவது திருத்த வேண்டும்.

சொல்லுக்கு வருகிறேன். மேசன்மார் சீமெந்துப் பூச்சில் ‘தண்ணி இழுக்கட்டும்’ என்பார்கள். இழுத்த பிறகுதான் மட்டப்பலகை போடுவது. ‘ஈரமிழு நேரம்’ என்றால் எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு விளங்கும்.

---

சென்னை:

அக்கா, விளங்கும், ஆனால் தப்பாக விளங்கும். சீமெந்துப் பூச்சில் சுவர் ஈரத்தை உள்ளே இழுக்கிறது. தகரம் எதையும் இழுக்காது. தின்னர் மேலேதான் போக வேண்டும், அதனால்தான் மேலே காற்றோட்டம் வேண்டும், இரண்டாவது பூச்சைத் தடியாக அடித்து வாயை மூடக்கூடாது. சொல்லிலேயே திசை தப்பாக இருந்தால் பிறகு என்ன விளக்கினாலும் ஏறாது.

ஈரம் என்ற சொல்லுக்கே யோசிக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் தின்னர் வேகமாகப் போகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள நீர் அதன்மேல் பனித்து, பூச்சு வெள்ளை பூத்துவிடும். லேக்கரில் இது அடிக்கடி நடக்கும். அங்கே ஈரம் வெளியேறவில்லை, உள்ளே வருகிறது. மெதுவாகப் போகும் தின்னர் போட்டால் சமாளிக்கலாம்.

---

கோவை:

‘ஆறல் நேரம்’ என்று வைத்தால் என்ன? ‘கொஞ்சம் ஆறட்டும்பா’ என்று சொல்லாதவர் யாரும் இல்லை. காப்பிக்கும் சொல்கிறோம், புண்ணுக்கும் சொல்கிறோம், கோபத்துக்கும் சொல்கிறோம். எனக்கு இது பிடித்திருக்கிறது.

---

சென்னை:

எனக்கும் பிடித்திருக்கிறது, ஆனால் கடைசியில் 60 பாகைச் சூட்டறையில் வண்டியை வைத்து எடுத்தபின் ஆறவிடுவது ஒரு தனிப் படி. அதற்கு ‘ஆறல்’ வேண்டும். ஒரே பாடத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் போட முடியாது.

‘ஆவியகல் நேரம்’ என்று மாற்றிக்கொள்கிறேன், சாவுப் பொருளும் வராது.

---

கோலாலம்பூர்:

‘ஆவியகல்’ வாயில் நிற்கவில்லை, சொல்லிப் பாருங்கள். மதுரை ஐயாவின் வேரே சரி. பொழுதை எடுத்துவிட்டு ‘புலரிடை’ என்று வையுங்கள். இரண்டு பூச்சுக்கு இடை, புலரும் இடை, இரண்டும் வந்துவிடும்.

---

யாழ்ப்பாணம்:

அன்பர்களே, நாளை வெள்ளி. இனி இழுக்க முடியாது, எழுதியதைச் சொல்லிவிடுகிறேன்.

‘புலர்வு நேரம்’ என்று போட்டிருக்கிறேன். ‘புலரிடை’ அழகு, ஆனால் இடை என்றதும் பொடியளுக்கு வேறு நினைவு வரும், வகுப்பு அதோடு போகும். ‘ஆவியகல்’ பொருளில் நேர், கரும்பலகையில் எழுதி வாசிக்கச் சொன்னேன், இரண்டு பேர் ‘ஆவி அகல்விளக்கு’ வரை போய்விட்டார்கள். ‘புலர்வு’ அவர்களுக்குப் புதுச்சொல், அதுவே வசதி. உலர்வு, காய்வு என்று ஏற்கனவே மனதில் கிடக்கும் பொருள் இதற்குள் வராது, நான் சொல்கிற பொருள்தான் நிற்கும்.

விளக்கத்தில் கோவை நண்பர் தந்ததையே எடுத்திருக்கிறேன்:

“புலர்வு நேரம்: ஒரு பூச்சு அடித்தபின் அதிலுள்ள தின்னர் மேலே கிளம்பிப் போவதற்கு விடும் நேரம். பூச்சு இன்னும் உலரவில்லை, இறுகவும் இல்லை. நிறப்பூச்சில் மினுக்கம் மங்கும்வரை பொறுக்கவும். கிளியரில், மறைப்புத்தாளில் பட்டதை விரலால் தொட்டுப் பார்க்கவும். ஒட்ட வேண்டும், நூல் விடக்கூடாது. வண்டியைத் தொட வேண்டாம். பெயின்ற் தாளில் உள்ள நிமிடக் கணக்கு 20 பாகைக்கு உரியது, எங்கள் வெயிலில் வேகமாகவும் மழைநாளில் வேறுவிதமாகவும் இருக்கும்.”

டொராண்டோ அக்காவுக்கு: துடைத்தோம். சட்டகத்தின் உட்புறத்தில் நீங்கள் சொன்ன பிசுக்கு இருந்தது, மண்ணெண்ணெயா வெறும் கிரீசா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

---

சென்னை:

அச்சுக்குப் போகட்டும். ஆனால் தண்ணீர் கலந்த நிறப்பூச்சு உங்கள் பக்கமும் வரும். அதில் முக்கியமாக ஆவியாவது தண்ணீர், புலர வைக்க மேலே காற்றூதி பிடிப்பார்கள், முழுக்க மங்கும்வரை விட வேண்டும். அப்போது ‘புலர்வு’ போதுமா, ‘ஆவியகல்’ வேண்டுமா என்று மறுபடி கேட்பேன்.

---

கோவை:

நான் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் பட்டறைக்கு ஒரு பையன் வந்து ‘புலர்வு ஆச்சுங்களா’ என்று கேட்டால் பெரிய பெயிண்டர் திரும்பிப் பார்ப்பார். அடைப்புக்குள்ளாவது ‘டல் அடித்தல்’ என்று ஒரு வரி சேருங்கள், இன்னும் நேரம் இருந்தால்.