துறைவாரி ரோஸ்டரில் 14வது இடம் எந்த வருஷம் வரும்?

ஆய்வகவாசி:
மத்தியப் பல்கலைக்கழக இயற்பியல் துறைகளில் எல்லாப் பிரிவினரும் ஆசிரியராக வருவது பற்றிப் பேசும்போது நேர்கோடு எழுதியது: "துறைவாரியாக ரோஸ்டர் போட்டிருந்தாலும் எல்லோரும் வந்திருப்பார்கள். 2019 சட்டம் வெறும் தேர்தல் வேலை." துறைக்குப் பதில் பல்கலைக்கழகத்தையே ஓர் அலகாக வைத்து இட ஒதுக்கீடு போடச் சொன்ன சட்டத்தைத்தான் சொல்கிறார். இதைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. ரோஸ்டர் என்றால் எத்தனையாவது நியமனம் எந்தப் பிரிவுக்கு என்று சொல்லும் அட்டவணை. 13 புள்ளி ரோஸ்டரில் 4வது இடம் ஓபிசி, 7வது எஸ்சி, 14வது எஸ்டி. ஒவ்வொரு பதவிக்கும் தனிக்கணக்கு. ஆறே உதவிப் பேராசிரியர் உள்ள துறையில் 14 எங்கே இருக்கிறது?

நேர்கோடு:
13 புள்ளி ரோஸ்டரில் 14வது இடம்! இயற்பியல் துறை கணக்கில் இவ்வளவு முன்னேறியது தெரியாமல் போயிற்று.

ஆய்வகவாசி:
அட்டவணையைத் திறந்து பாருங்கள் சார். 13 பணியிடம் வரை உள்ள பதவிக்கானது என்பதால் அந்தப் பெயர். 14வது, காலியிடம் விழுந்து மறுநியமனம் செய்யும்போது வருவது.

நேர்கோடு:
அப்படியென்றால் சுழற்சியில் வரும். நானும் அதைத்தான் சொன்னேன். நன்றி.

ஆய்வகவாசி:
எப்போது வரும்? ஆறு பேர் உள்ள துறையில் எட்டு காலியிடம் விழ வேண்டும். ஆறு பேரும் போய், அவர்கள் இடத்துக்கு வந்தவர்களில் இரண்டு பேரும் போக வேண்டும். வருஷத்தைச் சொல்லுங்கள்.

நேர்கோடு:
பதவி உயர்வில் போனாலும் இடம் காலியாகும். அவசரப்படுகிறீர்கள்.

ஆய்வகவாசி:
பல்கலைக்கழகத்துக்குள் கால் வைத்தவர் யாரும் இப்படிச் சொல்ல மாட்டார். பணிக்காலத்தை வைத்துக் கொடுக்கும் உயர்வு அந்த ஆளோடு போவது. உதவிப் பேராசிரியர் இணைப் பேராசிரியர் ஆனாலும் கீழே இடம் காலியாகாது. வருஷம்?

மலைத்தேன்:
14-ஐயே பிடித்துத் தொங்குகிறீர்கள். ரோஸ்டரில் பெண்களுக்கு ஒரு புள்ளிகூட இல்லையே, அது யார் கண்ணிலும் படவில்லையா? ஐஐடியில் 2018 முதல் மாணவிகளுக்குக் கூடுதல் இடம் கொடுத்தார்கள். பாடம் நடத்துகிறவர் வரிசையைப் பாருங்கள்.

கல்பாக்கத்தான்:
திறமை இருந்தால் கதவு திறக்கும். இயற்பியலாளர் அன்னா மணி சி.வி. ராமன் ஆய்வகத்தில் வேலை செய்யவில்லையா?

மலைத்தேன்:
அதே ராமன்தான் 1933இல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் படிக்க வந்த கமலா சோஹனிக்குப் பெண் என்பதற்காக இடம் மறுத்தார். அவர் விடாமல் நின்றதால்தான் ஒரு வருஷம் சோதனையாக என்று சேர்த்துக்கொண்டார்கள். அன்னா மணிக்கும் முதுகலைப் பட்டம் இல்லை என்று மெட்ராஸ் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் கொடுக்கவில்லை. நல்ல கதவு அண்ணே.

கல்பாக்கத்தான்:
நோபல் வாங்கியவரைப் பற்றிப் பேசும்போது நாக்கை அடக்க வேண்டும். அப்புறம் அவரே பெண்களைச் சேர்த்துக்கொண்டார், அதைச் சொல்ல மாட்டீர்கள்.

ஆய்வகவாசி:
ராமனை அப்புறம் பார்க்கலாம். நேர்கோடு, வருஷம்?

நேர்கோடு:
துறையை அலகாக வைக்கச் சொன்னது 2017இல் அலகாபாத் உயர் நீதிமன்றம். அதன்படிதான் 2018 மார்ச்சில் பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசி உத்தரவு போட்டது. உச்ச நீதிமன்றமும் அதில் கைவைக்கவில்லை. நீங்கள் அதற்கும் மேலா?

ஆய்வகவாசி:
அதை மாற்றத்தானே 2019 மார்ச்சில் அவசரச் சட்டம், பிறகு நாடாளுமன்றத்தில் சட்டம். பல்கலைக்கழகமே ஓர் அலகு என்றால் 200 உதவிப் பேராசிரியரில் 30 எஸ்சி, 15 எஸ்டி. துறைவாரியாக உடைத்தால் அந்த 15 எங்கே போகும் என்று ஒரு வரி எழுதுங்கள் பார்ப்போம். போன வருஷம் உதவிப் பேராசிரியர் தகுதித் தேர்வான நெட்டின் கட்-ஆஃப் விவாதத்திலும் இப்படித்தான் பாதியில் காணாமல் போனீர்கள்.

நேர்கோடு:
காணாமல் போகவில்லை, வேலைக்குப் போனேன். எல்லோரும் நாள் முழுக்க இங்கேயே உட்கார முடியுமா? சரி, அதே சட்டம் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு இந்த இட ஒதுக்கீட்டிலிருந்து விலக்கு கொடுத்திருக்கிறதே, ஏன்? அங்கே அறிவியல் நின்றுவிட்டதா?

மலைத்தேன்:
நிற்கவில்லை. யார் செய்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

ஆய்வகவாசி:
பேச்சை மும்பைக்குத் திருப்பாதீர்கள். ஜவஹர்லால் நேரு உயராய்வு மையத்துக்கும் விலக்கு உண்டு, எனக்குத் தெரியும். நான் கேட்பது ஆறு பேர் உள்ள துறை. எட்டாவது காலியிடம். எந்த வருஷம்?

நேர்கோடு:
சுழற்சியில் வரும்.

ஆய்வகவாசி:
எந்த வருஷம்?

கல்பாக்கத்தான்:
ராமன் பற்றி நான் எழுதிய இரண்டாவது பதிலை நீக்கியது யார்? மட்டுறுத்துநர் உடனே விளக்கம் சொல்ல வேண்டும்.

மலைத்தேன்:
நீக்கவில்லை அண்ணே, மேலேதான் இருக்கிறது. நாக்கை அடக்கச் சொன்னீர்களே, அதுதான்.