18 மீட்டர் தள்ளி நின்றால் தெரிகிற தாடிக்காரர்

சித்தப்பா எண்பதுகளில் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த பென்டாக்ஸ் கே1000 கேமரா இப்போது என்னிடம் இருக்கிறது. ஸ்பெயினுக்கு எட்டு நாள் பயணம் என்று முடிவானதும் அதற்கு மூன்று ரோல் வாங்கினேன். ஒன்றுக்கு 36 வீதம் மொத்தம் 108 படங்கள். என் மனைவியின் கைப்பேசி அத்தனையையும் முதல் நாள் மதியத்துக்குள் எடுத்து முடித்துவிட்டது.

பிலிமை எக்ஸ்ரே இயந்திரத்தில் விடாமல் கையால் சோதிக்கும்படி விமான நிலையத்தில் கேட்டேன். காவலர் ஒரு ரோலைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார்.

பார்சிலோனாவின் சான்ட்ஸ் நிலையத்திலிருந்து சாதாரண ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம் போனால் ஃபிகேரஸ். ஓவியர் சால்வதோர் டாலி 1904-இல் பிறந்த ஊர். உள்நாட்டுப் போரின் முடிவில் எரிந்து கூரையிழந்த நகர நாடக அரங்கை எடுத்து, அதையே தன் அருங்காட்சியகமாக்கி 1974-இல் திறந்தார். சிவப்புச் சுவர் முழுக்க வரிசை வரிசையாக ரொட்டி உருவங்கள் ஒட்டியிருக்கின்றன, மேலே ராட்சத முட்டைகள். "ஏங்க, வரட்டி தட்டின சுவர் மாதிரி இல்லை?" என்றாள் மனைவி. கனவுபோல நிஜத்தைப் புரட்டிப் போடும் டாலியின் கலைப் பாணியான சர்ரியலிசத்தைப் பற்றி நான் மாதக்கணக்கில் படித்து வைத்திருந்தது அந்த ஒரு கேள்வியில் போயிற்று. அதற்குப் பிறகு என் கண்ணுக்கும் வரட்டியாகவே தெரிந்தது.

முற்றத்தில் கருப்பு காடிலாக் கார் ஒன்று நிற்கிறது. மழை அதன் உள்ளேதான் பெய்கிறது. இந்த வேடிக்கையை டாலி முதலில் 1938-இல் பாரிஸில் நடந்த சர்ரியலிசக் கண்காட்சியில் செய்து காட்டினார். அந்தக் கண்காட்சியில் கலைஞர் மார்செல் துஷாம்ப் கூரையிலிருந்து நிலக்கரி மூட்டைகளைத் தொங்கவிட்டார். வெளிச்சத்துக்குப் பொறுப்பு புகைப்படக் கலைஞர் மான் ரே. அவர் அரங்கை இருட்டாக்கி, வந்தவர்கள் கையில் டார்ச் விளக்கைக் கொடுத்தார். உள்ளே போனதும் எனக்கு அந்த டார்ச்தான் ஞாபகம் வந்தது. பிளாஷ் போடக் கூடாது; என் பிலிமின் ஒளியுணர்வோ வெறும் ஐஎஸ்ஓ 400, இந்த இருட்டுக்குப் போதாது. கேமராவுக்குள் ஒளியளக்கும் முள் கீழே படுத்துவிட்டது. லென்ஸை முழுவதும் திறந்து, ஷட்டரை நொடியில் முப்பதில் ஒரு பங்குக்கு இறக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு தூணில் சாய்ந்தேன்.

எதிரே, கண்ணாடிக் குவிமாடத்துக்குக் கீழே, பெரிய படம் ஒன்று. டாலியின் மனைவி காலா, நிர்வாணமாக முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னல் வழியே கடலைப் பார்க்கிறாள். 18 மீட்டர் தள்ளி நின்றால் அது ஆபிரகாம் லிங்கனின் முகமாகும் என்று படத்தின் தலைப்பே சொல்கிறது. கிட்டே போய் காலாவை மட்டும் சட்டம் நிறைய ஒன்று எடுத்தேன். பிறகு பின்னால் நகர்ந்தேன். கூட்டத்தில் யார் 18 மீட்டர் விடுவார்கள்? எனக்கு வெறும் சதுரங்கள்தான் தெரிந்தன. மனைவி கைப்பேசியை உயர்த்தி, "இதோ இருக்கிறாரே!" என்றாள். அந்தச் சின்னத் திரையில் லிங்கன் தெளிவாக உட்கார்ந்திருந்தார்.

ரோஷம் வந்துவிட்டது. கண்ணைக் கேமராவில் வைத்து, லென்ஸ் வளையத்தை வேண்டுமென்றே தப்பான பக்கம் திருப்பினேன். சதுரங்களின் ஓரங்கள் கரைந்தன. நெற்றி வந்தது, தாடி வந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த லியோன் ஹார்மன் 1973-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் லிங்கனின் முகத்தை இப்படிக் கட்டம் கட்டமாக உடைத்துக் காட்டியிருந்தார். டாலி அங்கிருந்துதான் பிடித்தார். கட்டங்களின் கூர்மையான விளிம்புகள்தான் முகத்தை மறைக்கின்றன. பார்வை மங்கினால் விளிம்பு போய்விடும், முகம் மிஞ்சும். கண்ணைப் பாதி மூடினாலும் இதே கதைதான். மங்கலாகவே வைத்து ஷட்டரை அழுத்தினேன். தெரிந்தே போக்கஸ் தவறிப் படம் எடுத்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை, மனசு கேட்கவில்லை.

ஹாலிவுட் நடிகை மே வெஸ்டின் முகமாக அமைத்த அறைக்கு நீண்ட வரிசை. படியேறி ஒரு லென்ஸ் வழியாகப் பார்த்தால் சோபா உதடாகிறது, கணப்பு மூக்காகிறது. கேமராவை எடுப்பதற்குள் பின்னாலிருந்து தள்ளிவிட்டார்கள். டாலி அந்தக் கட்டடத்துக்குள்ளேயே புதைக்கப்பட்டிருக்கிறார். ஒரு வாரிசு வழக்குக்காக 2017-இல் தோண்டி எடுத்தபோது, இறந்து 28 ஆண்டுகளுக்குப் பிறகும் மீசை பத்து மணி பத்து நிமிட முள்போல அப்படியே நின்றதாம். வழக்கு போட்டவர் மகள் இல்லை என்று தெரியவந்தது வேறு.

சென்னைக்குத் திரும்பி ரோல்களை லேபில் கொடுத்தேன். இரண்டாவது ரோலில் 35 பிரிண்ட்தான் இருந்தன.

"ஒன்று போக்கஸ் அவுட் சார். உங்களுக்கு எதற்கு வீண் செலவு என்று போடவில்லை" என்றார் கடைக்காரத் தம்பி.

"அதைத்தான் தம்பி முதலில் போட வேண்டும்" என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போனார். பிரிண்டைக் கொண்டுவந்து மேஜையில் காலாவுக்குப் பக்கத்தில் வைத்தார். வைத்தவர் நகரவில்லை.

"இது யார் சார், தாடி வைத்துக்கொண்டு?"

"இரண்டும் ஒரே படம்தான்."

இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினார். பில் போடும்போது மட்டும் அந்த ஒன்றுக்குப் பணம் வாங்க மறுத்துவிட்டார். மங்கலான படத்துக்குக் காசு வாங்குவதில்லையாம், கடையின் வழக்கம்.