எம்சிஎஸ் (மாலிக்யூல்களுக்குப் பொதுவான மிகப்பெரிய அமைப்பு) தேடி ஏமாந்த அனுபவம் யாருக்காவது உண்டா?

மீன்கொத்தி:
ஆம்பிசிலின், செஃபாலெக்சின் என்ற இரண்டு ஆன்டிபயாடிக்குகளை ஆர்டிகிட் என்ற வேதியியல் சாஃப்ட்வேரில் கொடுத்து எம்சிஎஸ் தேடினேன். பிணைப்பு எந்த வகையானாலும் பொருத்தச் சொல்லியிருந்தேன், மற்றதெல்லாம் டீஃபால்ட். ஹைட்ரஜன் நீங்கலாக இரண்டிலும் 24 அணுக்கள், 24-ம் பொருந்துகிறது என்று வந்தது. கந்தகம் இருக்கிற வளையம் ஒன்றில் ஐந்து அணு, மற்றதில் ஆறு, எப்படிப் பொருந்தும்? படம் வரைந்து பார்த்தேன். ஆம்பிசிலினின் ஐங்கோணத்தைக் கந்தகத்தின் பக்கத்தில் அறுத்துவிட்டு, வெளியே நிற்கும் ஒரு மெத்திலை செஃபாலெக்சினில் வளையத்துக்குள் இருக்கும் கார்பனோடு ஜோடி சேர்த்திருக்கிறது. 26 பிணைப்பில் ஒன்றுதான் குறைவு. கணக்குப்படி சரிதான், ஆனால் தொங்கிக்கொண்டிருந்த அந்தக் கந்தகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அதற்கு முந்தைய வாரம்தான் நாற்பது ஜோடிகளைப் படமே பார்க்காமல் அட்டவணையில் ஏற்றி அனுப்பியிருந்தேன்.

நெய்தல்:
'கம்ப்ளீட் ரிங்ஸ் ஒன்லி' (வளையம் முழுசாகப் பொருந்தினால்தான் கணக்கு) போட்டால் 16 அணுதான் வரும்: பீட்டா-லாக்டம் நாற்கோணமும் பக்கச் சங்கிலியும். இந்த இரண்டுக்கும் அலர்ஜி சேர்ந்து வருமா என்று பார்க்கும்போது முக்கியம் அந்தப் பக்கச் சங்கிலிதான், இரண்டிலும் அச்சு அசல் ஒன்றே. எனக்கு நடந்தது வேறு. குயினசோலின் என்ற இரட்டை வளையம் உள்ள 60 மாலிக்யூல்கள், பொது அமைப்பு என்று வந்தது ஒரு கார்பனும் ஒரு ஆக்சிஜனும். ஃபைலில் ஒரு வரி வெறும் மெத்தனால்! த்ரெஷோல்டை 0.9 ஆக்கியதும் (90% மாலிக்யூல்களில் இருந்தால் போதும்) குயினசோலின் திரும்பி வந்தது.

கல்லணை:
நெய்தல், அது தீர்வு இல்லை, குப்பையை ஓரமாகத் தள்ளியதுதான். முதலில் ஃபைலைச் சுத்தம் பண்ணுங்கள்.
நான் சொந்தமாக எழுதிய புரோகிராம், பிணைப்புகளைப் புள்ளிகளாக்கி கிளிக் (எல்லாம் ஒன்றோடொன்று இணைந்த புள்ளிக்கூட்டம்) தேடும் முறை. சைக்ளோபுரொப்பேனும் ஐசோபியூட்டேனும் ஒன்றே என்றது. ஹைட்ரஜனை விட்டால் இரண்டிலும் மூன்று பிணைப்பு, ஒவ்வொன்றும் மற்ற இரண்டைத் தொடும், அதனால் மாற்றிய பிறகு இரண்டும் முக்கோணம். இப்படி மாற்றினால் வெவ்வேறு அமைப்புகள் ஒன்றாகாது என்பதற்குக் கணிதர் விட்னி 1932-லேயே காட்டிய விதிவிலக்கு இது, எனக்குத்தான் அன்றைக்குத் தெரியவில்லை.
அப்புறம் எல்லாருக்கும் ஒன்று: டைம்அவுட்டை (தேடலுக்கான நேர வரம்பு) கவனியுங்கள். டீஃபால்ட் 3600 விநாடி, பெரிய மாலிக்யூல்கள் என்றால் ஜோடிக்கு ஒரு மணி நேரம் போய்விடும், அதனால் எல்லாரும் அதைப் பத்து விநாடிக்குக் குறைக்கிறார்கள். குறைப்பதில் தப்பில்லை, ஆனால் நேரம் முடிந்தாலும் எர்ரர் வராது, அதுவரை கிடைத்ததிலேயே பெரியதைக் கொடுத்துவிடும், முழுசாகத் தேடி முடித்த விடை மாதிரியே இருக்கும். ரிசல்ட்டில் 'கேன்சல்ட்' (தேடல் பாதியில் நின்றதா என்பது) ட்ரூவா ஃபால்ஸா என்று ஒவ்வொரு ஜோடிக்கும் தனி காலமில் எழுதி வையுங்கள். மீன்கொத்தி, உங்கள் நாற்பதையும் அப்படித் திரும்ப ஓட்டிவிட்டு அட்டவணையை மாற்றி அனுப்புங்கள்.