கப்பல் பயணச் சாப்பாடு: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

பெரம்பூர்வாசி

நாலு மாதம் ஆகிறது, இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இந்தத் திரி.

சிங்கப்பூரில் ஏறி பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் நாலு ராத்திரிப் பயணம். நான், மனைவி, பையன், அம்மா. அம்மாவுக்கு 71 வயசு, முட்டைகூடத் தொடமாட்டார். டிக்கெட் போடும்போதே வெஜிடேரியன் கட்டத்தில் டிக் அடித்தாச்சு. "இந்தியன் கவுன்டரே இருக்கு சார்" என்றார் ஏஜென்ட்.

கவுன்டர் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. மேல்தளத்து பஃபேயில். ஆனால் பருப்புக்குப் பக்கத்துப் பாத்திரத்தில் சிக்கன் மசாலா, அதில் போட்ட கரண்டியை யாரோ இதில் போட்டுவிட்டுப் போனார்கள். அம்மா பார்த்துவிட்டார். அதோடு சரி. ராத்திரி டைனிங் ஹாலில் வெஜிடேரியன் என்று வந்தது காளான் சூப், கத்தரிக்காய் மேல் சீஸை உருக்கி ஊற்றிய ஏதோ ஒன்று. பிரட்டில் வெண்ணெய் தடவிச் சாப்பிட்டுவிட்டு "கடல் காத்துக்குப் பசியே எடுக்கலடா" என்றார். மூணு ராத்திரியும் அதே பதில். நம்பினேன் என்பதைவிட, நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

கடைசி நாள் ராத்திரி பெட்டிக்கெல்லாம் டேக் மாட்டி அறைக் கதவுக்கு வெளியே வைக்கணும் இல்லையா, சாயங்காலமே அம்மா பெட்டியைக் கட்டப் போனேன். தலையணைக்கு அடியில் முறுக்கு டப்பா. பேரனுக்கென்று வீட்டில் சுட்டு எடுத்து வந்தது, ஸ்கேனரில் எப்படித் தப்பியதோ. திறந்தேன். அடியில் தூள் மட்டும்.

அன்றைக்கு டின்னரில் எங்கள் மேசை வெயிட்டரிடம், கோட்டயத்துப் பையன், விஷயத்தைச் சொன்னேன். "முதல் நாளே ஹெட் வெயிட்டரிடம் சொல்லியிருந்தால் சோறு, பருப்பு, பொரியல், தயிர் என்று தினமும் தனியாக வந்திருக்குமே சார்" என்றான். பத்து நிமிஷத்தில் ஒரு கிண்ணம் சோறும் தயிரும் கொண்டுவந்து வைத்தான். அம்மா நிமிர்ந்தே பார்க்காமல் சாப்பிட்டார். என்னால் என் தட்டில் கை வைக்க முடியவில்லை.

கிள்ளான்காரன்

சாப்பாட்டுக் கதை இல்ல, சாப்பாட்டால வந்த கதை. அதே ரூட்டுதான். புக்கெட்டுல எங்க கப்பல் கரையில கட்டல, படோங் கடற்கரைக்கு எதிர்ல நங்கூரம் போட்டு டெண்டர் படகுல கொண்டுபோய் விட்டாங்க. திரும்ப வர்ற கடைசிப் படகு நாலரைக்கு. தாய்லாந்து நேரம் மலேசியா, சிங்கப்பூரவிட ஒரு மணி நேரம் பின்னாடி. கரையில கால் வச்சதும் போன் தானா மாறிக்கிச்சு. கப்பல் மணி மாறல.

நான் டொம் யாம் ரெண்டாவது கிண்ணம் சொல்லிட்டு உட்கார்ந்திருக்கேன். என் போன்ல 3.10. மனைவி கட்டியிருந்தது பழைய முள் வாட்ச், அதுல 4.10. ஒரு வார்த்தை பேசல, மணிக்கட்ட மட்டும் என் மூஞ்சிக்கு நேரா நீட்டினாங்க. அந்தக் கை இன்னும் கண்ணுல நிக்குது. பணத்த மேசையில போட்டுட்டு ஓடினோம். ஏறிட்டோம். சூப்பு போச்சு.

இப்பல்லாம் ஏறினதும் போன்ல நேரம் தானா மாறுறத நிறுத்திடுவேன்.

கணக்குப்பிள்ளை

பெரம்பூர்வாசி கோபித்துக்கொள்ள வேண்டாம். தப்பு கப்பல் மேல் இல்லை. நீங்கள் அடித்த டிக் ஏஜென்ட் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கும். அது அடுப்பங்கரைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று யார் பார்ப்பது? நாலு ராத்திரி ஒரே மேசை, ஒரே வெயிட்டர். கடைசி ராத்திரி வரை ஒரு வார்த்தை கேட்கவில்லையே.

என் கதை சின்னது. முதல் பயணத்தில் எனக்குக் கிடைத்த அறை பஃபே தளத்துக்கு நேர் கீழே. விடிகாலை நாலரைக்கு மேலே நாற்காலி இழுக்கிற சத்தம். ஏழு நாளும். அவ்வளவுதான்.

அதிலிருந்து கற்றதைச் சொல்கிறேன். அறை எடுக்கும் முன் தள வரைபடத்தைப் பாருங்கள். மேலேயும் கீழேயும் அறைகளே இருக்கும் தளமாக, கப்பலின் நடுப்பகுதியாக எடுத்தால் சத்தமும் இல்லை, ஆட்டமும் குறைவு. ஏறின அன்று பெரிய பெட்டியை டெர்மினலிலேயே வாங்கிக்கொள்வார்கள், அது அறைக்கு வரச் சாயங்காலம் ஆகும். மருந்து, பாஸ்போர்ட், ஒரு மாற்றுத்துணி கைப்பையில் இருக்கட்டும். மதியம் எல்லோரும் பஃபேக்குத்தான் ஓடுவார்கள். அந்த நேரத்தில் நீங்கள் டைனிங் ஹாலுக்குப் போய் ஹெட் வெயிட்டரைப் பிடியுங்கள். "வெஜ்" என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். முட்டை வேண்டாம், மீன் வேண்டாம், வெங்காயம் பூண்டு வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லணும். சீன, தாய் வகைக் காய்கறி வதக்கலில் ஆய்ஸ்டர் (சிப்பி) சாஸோ மீன் சாஸோ இருக்கும், பெயரில் காய்கறி என்றுதான் போட்டிருக்கும். ஜெயின் சாப்பாடு வேண்டுமென்றால் ஏறின பிறகு கேட்டுப் பிரயோஜனம் இல்லை, பல வாரம் முன்பே எழுத்தில் போகணும்.

டிப்ஸ் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. பல கப்பல்களில் ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு என்று தானாகவே கணக்கில் ஏறும். 16 டாலர் என்றே வைத்துக்கொள்ளுங்கள், நாலு பேர், நாலு ராத்திரி, 256 டாலர். குழந்தைக்கும் உண்டு. குளிர்பானம், மது வாங்கினால் அதன் மேல் தனியாக சர்வீஸ் சார்ஜ் போடுவார்கள். கப்பல் கணக்குக்கு டெபிட் கார்டைக் கொடுக்காதீர்கள், முன்தொகையாகப் பிடித்துவைத்த பணம் ஊர் திரும்பிப் பல நாள் கழித்துத்தான் விடுபடும். போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள், இல்லையென்றால் நடுக்கடலில் கப்பலின் சொந்த நெட்வொர்க்கைப் பிடித்து ரோமிங் பில் எகிறிவிடும். தனிக் கட்டண ரெஸ்டாரன்ட் வேண்டுமென்றால் முதல் நாள் ராத்திரி போங்கள், கூட்டம் இருக்காது. தண்ணீர் பாட்டிலுக்குக் காசைக் கொட்டாதீர்கள், குழாய்த் தண்ணீரே குடிக்கலாம். இன்னும் இருக்கிறது, கேட்டால் சொல்கிறேன்.

அலைமகள்

கணக்குப்பிள்ளை சார், ஒன்பது மாசக் குழந்தையை இடுப்பில் வெச்சுக்கிட்டு ஹெட் வெயிட்டரைத் தேடிப் பாருங்க, அப்புறம் பேசலாம். அந்த அம்மா நாலு நாள் பட்டினி கிடந்திருக்காங்க, நீங்க தப்பு யார் மேலன்னு தீர்ப்பு எழுதறீங்க.

எங்க கதை ரைஸ் குக்கர். ஒரு லிட்டர்கூட இருக்காது, குழந்தைக்குக் கஞ்சி வைக்க. மாமனார் பெட்டியில் இடம் இருந்ததுன்னு அதில் வெச்சேன். சாயங்காலம் எல்லார் பெட்டியும் வந்தாச்சு, அவர் பெட்டி மட்டும் வரலை. கீழ்த்தளத்துக்குக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்லி குக்கரை எடுத்துக்கிட்டாங்க. சூடு பண்ற சாமான் எதுவும் கூடாதாம்: அயர்ன் பாக்ஸ், கெட்டில், சில எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்கூட.

அதுகூடப் பரவாயில்லை. கடைசி நாள் காலையில் திருப்பித் தர ஒரு மேசை போடறாங்க. சாராய பாட்டிலைப் பறிகொடுத்த பசங்க ஒரு பத்துப் பேர் வரிசையில் சிரிச்சுக்கிட்டு நிக்கறாங்க. அவங்களுக்குப் பின்னாடி எங்க மாமனார். ரிட்டயர்டு தாசில்தார். இஸ்திரி போட்ட சட்டை. மேசை நடுவில் குக்கர், மூடியில் அவர் பேர் எழுதின சீட்டு ஒட்டி. ஒரு பையன் அவர்கிட்ட "அங்கிள், வாட் பிராண்ட்?"னு கேட்டான். அவர் பாட்டிலைத்தான் கேக்கறான்னு புரியாம குக்கர் கம்பெனி பேரைச் சொன்னார். ஹாலே சிரிச்சது. டாக்ஸியில் ஏறி வீடு வர்ற வரைக்கும் அவர் என்கிட்ட பேசலை. இன்னைக்கும் அந்தக் குக்கரைப் பார்த்தா பேச்சை மாத்திடுவார்.

கடுப்பு என்னன்னா, ரெண்டாம் நாள் ராத்திரி வெயிட்டர்கிட்ட சும்மா கேட்டேன். சோறும் கேரட்டும் உப்பில்லாம மசிச்சுக் கிண்ணத்தில் கொண்டுவந்துட்டாங்க. அதுக்கு மேல தினமும் வந்தது.

பழைய ஸ்டூவர்ட்

தூத்துக்குடி. ஆறு வருசம் பயணிகள் கப்பலில் டைனிங் வேலை.

குக்கர் விஷயத்தில் யாரையும் நோக முடியாதும்மா. நடுக்கடலில் தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி வராது. வெயிட்டர், ரூம் பையன் எல்லோருமே தீயணைக்கப் படித்துவிட்டுத்தான் கப்பல் ஏறுகிறோம். ஏறினதும் நடத்துகிற பாதுகாப்பு ஒத்திகையையும் சடங்கு என்று நினைத்துவிட வேண்டாம். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையில் கோஸ்டா கான்கார்டியா கவிழ்ந்து 32 பேர் இறந்தபோது, அன்று ஏறிய பல பேருக்கு ஒத்திகையே நடந்திருக்கவில்லை. அதற்கப்புறம்தான் கிளம்பும் முன்போ கிளம்பின உடனேயோ நடத்தியாகணும் என்று விதி மாறியது. ஏழு குட்டைச் சங்கொலி, ஒரு நீளச் சங்கொலி கேட்டால் ஆபத்து என்று அர்த்தம். அதை மட்டுமாவது ஞாபகம் வையுங்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. ஒரு பயணத்தில் வாந்திபேதி பரவ ஆரம்பித்தது. நோரோ வைரஸ் சந்தேகம் வந்தால் பஃபேயில் பயணிகள் கையில் கரண்டி தரக்கூடாது, நாங்கள்தான் அள்ளி வைப்போம். ஒருத்தர் வரிசையில் வந்தார், ஐம்பத்தைந்து வயசிருக்கும், நம்ம ஆள். தட்டை நீட்டிக்கொண்டே மனைவியிடம் தமிழில், "அளந்து வைக்கிறான் பாரு, ரேஷன் கடையாட்டம். காசு கொடுத்து வந்தும் பிச்சைக்காரன் மாதிரி நிக்க வேண்டியிருக்கு" என்றார். என் சட்டையில் பெயர் பட்டை இருந்தது, ஊர் போட்டிருக்காது. நான் "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுங்களா ஐயா?" என்றேன். நல்ல எண்ணத்தில்தான் கேட்டேன். அவர் முகம் செத்துப்போனது. தட்டை அப்படியே வாங்கிக்கொண்டு போனவர், மீதி மூன்று நாளும் என் வரிசைக்கு வரவே இல்லை. பேசாமல் இருந்திருக்கலாமோ என்று இப்பவும் தோன்றும்.

அந்த வாசலில் வைத்திருக்கும் சானிடைசரை மட்டும் நம்பாதீர்கள், நோரோவுக்கு அது போதாது. சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவணும்.

பெரம்பூர்வாசிக்கு ஒன்று. தனிச் சாப்பாடு கேட்டால், ராத்திரி மேசையிலேயே மறுநாளுக்கானதை எழுதி வாங்கிக் கேலிக்கு அனுப்புவோம். கேலி என்றால் கப்பல் சமையலறை. இதில் ஒரு தொந்தரவும் இல்லை. சிப்பந்திகள் மெஸ்ஸில் சோறு தினமும் வெந்துகொண்டுதான் இருக்கும், பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா என்று சோறு தின்கிறவர்கள்தான் பாதிப் பேர்.

மார்க்கம் மாமா

நாங்கள் ரொறொன்ரோவில இருந்து போனனாங்கள். மயாமியில ஏறி கரீபியன், ஏழு இரவு. குடும்பமாப் பதினெட்டுப் பேர், அக்காவின்ர அறுபதாவது பிறந்தநாள்.

ஆக்கள் கூட எண்டபடியா எங்களுக்கு இரண்டாவது பந்திதான் கிடைச்சது, எட்டேகாலுக்கு. அத்தானுக்கு நீரிழிவு, வீட்டில ஏழு மணிக்கு ஊசி, ஏழரைக்குச் சாப்பாடு. அண்டைக்கும் பழக்கத்தில ஏழு மணிக்கே அறையில ஊசியைப் போட்டிட்டு வந்திட்டார். அது ஃபோர்மல் நைட். மனுசன் பட்டு வேட்டி, சால்வை. கோட் போடாட்டி விடுவினமோ எண்டு பயந்துகொண்டு வந்தவர், வாசலில நிண்டவர் குனிஞ்சு வணக்கம் சொல்லி உள்ள விட்டார். நல்ல சந்தோசம். இருத்தி, மெனு தந்து, ஓடர் எடுத்து, படம் எடுக்கிறவர் வந்து... ஒன்பது மணியாச்சு, முதல் தட்டு வரேல்லை. அத்தான் மெனுவை முகத்துக்கு முன்னால பிடிச்சிருக்கிறார், அது ஆடுது. படத்துக்குச் சிரிக்கிறார் எண்டு நாங்களும் சிரிக்கிறம். அந்தப் படம் இருக்கு. எல்லாரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிக்கிறம், நடுவில அவர் வேர்த்து வழிஞ்சபடி.

கண்டுபிடிச்சது பரிமாற வந்த பெடியன். ஒண்டும் கேக்காமல் தோடம்பழச் சாறு ஒரு பெரிய கிளாசில கொண்டுவந்து கையைப் பிடிச்சுக் குடிக்க வச்சான். கால் மணித்தியாலத்தில தெளிஞ்சிட்டார்.

படத்துக்கு இருபது டொலருக்கு மேல கேட்டவங்கள். அக்கா வாங்கினவ. ஏன் எண்டு இண்டைக்கும் எனக்கு விளங்கேல்லை.

கணக்குப்பிள்ளை

மார்க்கம் மாமா, இதற்குத்தான் முதல் பந்தி கேட்கணும். கிடைக்கவில்லை என்றால் காத்திருப்போர் பட்டியலில் பெயர் போடலாம், ஏறின அன்றே மாற்றித் தருவார்கள். விரும்பின நேரம் வரும் ஏற்பாடும் பல கப்பல்களில் உண்டு, ஆனால் தினமும் மேசையும் வெயிட்டரும் மாறுவார்கள், தனிச் சாப்பாடு சொன்னவர்களுக்கு அது சரிவராது. உட்கார்ந்ததும் பிரட் கூடை வந்துவிடும், அதைக் கேட்டு முதலில்

அலைமகள்

சார். அவருக்கு வேர்த்தது, உங்களுக்கு பிரட் கூடை.

கணக்குப்பிள்ளை

பாதியில் போஸ்ட் ஆகிவிட்டது. மீதியை எழுதவில்லை. மாமா, அத்தான் நலமா?

மார்க்கம் மாமா

நல்லா இருக்கிறார். டொக்டரைக் கேட்டு ஊசி நேரத்தை மாத்தி வச்சிருக்கிறார். வாற வருசம் அலாஸ்கா எண்டு நிக்கிறார்.

பெரம்பூர்வாசி

கணக்குப்பிள்ளை சொன்னது எரிச்சலாகத்தான் இருந்தது. ரெண்டு நாள் பதில் எழுதவில்லை. ஆனால் அந்த ஒரு வரி சரி. முதல் மூணு ராத்திரியில் நான் அந்தக் கோட்டயத்துப் பையனிடம் பேசியது எல்லாம் என் ஸ்டேக் பற்றி மட்டும்தான்.

அம்மாவிடம் டப்பாவைப் பார்த்தேன் என்று இதுவரை சொல்லவில்லை. துடைத்துப் பழையபடி பெட்டியில் வைத்துவிட்டேன்.

புதுப்பயணி

வணக்கம், குறுக்கே வருகிறேன். வெள்ளிக்கிழமை சிங்கப்பூரில் ஏறுகிறோம். வீட்டில் அரைத்த இட்லிப் பொடி ஒரு பாட்டில் கொண்டு போகலாமா? அப்பா கேட்கிறார்.

பழைய ஸ்டூவர்ட்

வீட்டுத் தயாரிப்பை எடுத்து வைத்துவிட வாய்ப்பு அதிகம். கடையில் சீல் போட்ட பாக்கெட்டாக வாங்கிக்கொள்ளுங்கள், பிரிக்காமல் இருக்கட்டும். உங்கள் கப்பல் விதியையும் ஒருமுறை பாருங்கள். நல்லெண்ணெய் பாட்டில் வேண்டாம், கசிந்தால் பெட்டி நாசம். மேசையில் உருக்கின வெண்ணெய் கேளுங்கள், தருவார்கள்.