லிஃப்ட் செய்த ஹைலக்ஸ்: பின்பக்கம் உதைக்கிறது, எங்கிருந்து பார்ப்பது?

கேள்வி (பாலிக் புலாவ், பினாங்கு)

வணக்கம். என்னுடையது 2012 டொயோட்டா ஹைலக்ஸ் வீகோ பிக்கப், டபுள் கேப் (இரண்டு வரிசை சீட்). போன மார்ச்சில் வண்டியின் உயரத்தை 2 அங்குலம் தூக்கினேன். முன்னால் காயில் (சுருள்) ஸ்பிரிங், பின்னால் லீஃப் ஸ்பிரிங் (வளைந்த தகடுகளை அடுக்கியது), நான்கு அப்சார்பர் (ஆட்டத்தை அடக்குவது), எல்லாம் புதிது. டயரும் எல்டி (லைட் டிரக், பாரம் தாங்கும்) வகைக்கு மாற்றினேன். டுரியான் காலத்தில் மாமனார் தோட்டத்திலிருந்து பழம் இறக்க வேண்டும் என்று சொன்னதால், பட்டறையில் பின்னுக்கு 300 கிலோ நிரந்தரச் சுமைக்கான ஸ்பிரிங் போட்டுத் தந்தார்கள்.

தோட்டத்து மேட்டில் வண்டி அருமையாக ஏறுகிறது. தார்ச் சாலைதான் சிக்கல். பினாங்குப் பாலத்தில் ஒவ்வொரு இணைப்பிலும் பின்பக்கம் ‘டக் டக்’ என்று உதைக்கிறது. சின்ன வேகத்தடையில்கூடப் பின்சீட்டில் இருப்பவர்களைத் தூக்கிப் போடுகிறது. அம்மாவுக்கு இடுப்பு வலி உண்டு. தண்ணீர்மலைக் கோயிலுக்குக் கூட்டிப் போய் வந்த அன்று, “இனிமேல் பஸ்ஸிலேயே போகிறேன்” என்று சொல்லிவிட்டார். அது மனதை உறுத்துகிறது. அப்சார்பரை மாற்றச் சொல்கிறார்கள். மறுபடி செலவு செய்யும் முன் எங்கே பார்க்க வேண்டும்?

பதில் (பட்டர்வொர்த்)

முதலில் காற்றைப் பாருங்கள். எல்டி டயர் என்றதும் கடையில் 280 கிலோபாஸ்கல் அடித்து அனுப்பிவிடுவார்கள். அது 40 பிஎஸ்ஐக்கு மேல். அந்த டயரின் பக்கச்சுவரே தடிப்பு, அதில் இவ்வளவு காற்றும் சேர்ந்தால் வெறும் வண்டி கல்மேல் ஓடுவது போலத்தான் இருக்கும். ஓட்டுநர் கதவுத் தூணில் ஸ்டிக்கர் இருக்கும். அதிலிருந்து தொடங்கி, டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து வையுங்கள். காசு செலவில்லை.

பதில் (செந்தூல், கோலாலம்பூர்)

தம்பி, அப்சார்பரைக் கழற்ற அவசரப்படாதீர்கள். நான் லோரி பிளேட்டுகளோடு, அதாவது லீஃப் ஸ்பிரிங் தகடுகளோடு, பல வருடம் வேலை செய்தவன். உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. 300 கிலோவுக்கான ஸ்பிரிங்கை வெறும் வண்டியில் ஓட்டுகிறீர்கள். டுரியான் காலம் போக மற்ற மாதங்களில் பின்னால் என்ன ஏற்றுகிறீர்கள்?

இப்படிச் சோதியுங்கள். 25 கிலோ மணல் மூட்டை ஆறு வாங்கி, சாமான் ஏற்றும் பின்தொட்டியில் பின் அச்சுக்கு நேர் மேலே போட்டுக் கட்டுங்கள். அதே சாலையில் போங்கள். உதை நன்றாகக் குறைந்தால் ஸ்பிரிங்கையும், அதைத் தாங்கும் ஷேக்கிளையும் பாருங்கள். குறையவே இல்லை என்றால் புஷ் (போல்ட்டைச் சுற்றியிருக்கும் குழாய் போன்ற ரப்பர்), அப்சார்பர் பக்கம் திரும்பலாம்.

மூட்டையை இறக்கிவிட்டு, சமதரையில் நிறுத்தி ஷேக்கிளைப் பக்கவாட்டில் பாருங்கள். ஸ்பிரிங்கின் பின்முனையைச் சேசிஸோடு (வண்டியின் அடிச்சட்டத்தோடு) தொங்கவிடும் இரட்டைத் தகடு அதுதான். வண்டி நிற்கும்போது அதன் கீழ்முனை பின்பக்கம் நன்றாகச் சாய்ந்திருக்க வேண்டும். பள்ளத்தில் அடிபடும்போது வளைந்த பிளேட் நேராகி நீளும், அந்த நீளத்துக்கு இடம் கொடுக்கத்தான் ஷேக்கிள் பின்னால் ஆடுகிறது. வெறும் வண்டியில் கனமான ஸ்பிரிங் அமுங்காமல் வில்லாகவே நிற்கும். அதனால் இரண்டு முனைக்கும் இடையிலுள்ள தூரம் குறைந்து, ஷேக்கிள் நிமிர்ந்துவிடும், சில வண்டியில் முன்பக்கமே சாய்ந்திருக்கும். அப்படியானால் அது பின்னால் போகும் முன் கீழே இறங்கியாக வேண்டும். அந்த இறக்கம் சேசிஸை மேலே தள்ளும். பின்சீட்டில் அம்மா வாங்கும் உதை அதுவாக இருக்கலாம்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. பின்சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே ஷேக்கிள் போல்ட்டையும், ஸ்பிரிங்கின் முன்முனையைப் பிடிக்கும் முன்கண் போல்ட்டையும் முழுசாக இறுக்கிவிடுவார்கள். ரப்பர் புஷ் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டி தரையில் இறங்கியதும் புஷ் முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங்கை ஆடவிடாது. சக்கரம் தரையில், முழு எடையும் மேலே இருக்கும்போது போல்ட்டைத் தளர்த்துங்கள். தொட்டியை நாலைந்து தடவை அமுக்கி ஆட்டிவிட்டு, கம்பெனி சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். பாலியூரிதேன் புஷ் என்றால் கிரீஸ் இல்லாமல் கத்தும், விறைக்கும். சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள், வெறும் ஜாக்கியை நம்பிக் கீழே படுக்காதீர்கள்.

பிளேட் எண்ணிக்கையைக் குறைத்துப் பார்க்கலாம் என்று யாராவது சொல்வார்கள். தெரிந்தவர் கணக்குப் போட்டுச் செய்தால் சரி. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை உருவினால் மற்ற பிளேட்டுகள் மேல் பாரம் ஏறி, தோட்டத்து மேட்டில் உடையும்.

பதில் (செபராங் ஜெயா)

லைட் ஸ்பிரிங் போட்டு, டுரியான் காலத்துக்கு மட்டும் ஏர் பேக் (ஸ்பிரிங்குக்குத் துணையாக அச்சுக்கும் சேசிஸுக்கும் இடையே வைக்கும் காற்றுப் பை) வையுங்கள். தேவையானபோது காற்று அடித்தால் போதும்.

பதில் (செந்தூல், கோலாலம்பூர்)

வைக்கலாம், ஆனால் அளவோடு. லீஃப் ஸ்பிரிங் பாரத்தை இரண்டு முனைகளிலும் பிரித்துச் சேசிஸுக்குக் கொடுக்கிறது. ஏர் பேக் அச்சுக்கு மேலே ஒரே இடத்தில் தள்ளும். நிறையக் காற்றடித்து, தொட்டியின் பின்முனையில் பாரம் ஏற்றி, குண்டும் குழியுமான பாதையில் ஓட்டினால் சேசிஸ் வளையும். டபுள் கேப்பில் தொட்டி அச்சைத் தாண்டி நிறைய நீட்டிக்கொண்டிருப்பதால் இன்னும் ஆபத்து. வண்டியைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவர மட்டும் காற்றடியுங்கள். பாரத்தை முன்னால் தள்ளி வையுங்கள்.

கேட்டவர்

எல்லாருக்கும் நன்றி. ஞாயிறு முழுக்க இதே வேலை. கடையில் அடித்த காற்று 290 கிலோபாஸ்கல் இருந்தது. 220க்கு இறக்கினேன். பாலத்து டக்டக் கொஞ்சம் அடங்கியது.

மணல் மூட்டை சோதனையில் எனக்கே ஆச்சரியம். 150 கிலோவோடு வேகத்தடையில் வண்டி அமைதியாக ஏறி இறங்கியது. ஷேக்கிளைப் பார்த்தேன், கிட்டத்தட்ட நட்டநடு நேராக நிற்கிறது. அண்ணன் சொன்னபடி தரையில் வைத்து எல்லாப் போல்ட்டையும் தளர்த்தியபோது, இடப்பக்கம் ‘டங்’ என்று சத்தம் வந்து வண்டி பின்னால் சற்று இறங்கியது. மறுபடி இறுக்கியபின் நல்ல வித்தியாசம். ஆனாலும் வெறும் வண்டியில் விறைப்பு முழுசாகப் போகவில்லை. ஆகவே வெறும் வண்டிக்கும் குறைந்த பாரத்துக்கும் உரிய ஸ்பிரிங்குக்கு மாறப் போகிறேன். பழம் இறக்கும் நாட்களில் ஒரு நடைக்குப் பதில் இரண்டு நடை போய்க்கொள்ளலாம்.

பதில் (பட்டர்வொர்த்)

நல்ல முடிவு. கீழே போகிறீர்கள் அல்லவா, பின் அச்சிலிருந்து சேசிஸுக்கு ஒரு மெல்லிய தண்டு போகிறதா பாருங்கள். பாரத்தைப் பார்த்துப் பின்பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு அது. வண்டியைத் தூக்கியபின் தண்டின் இணைப்பைச் சரிசெய்யாவிட்டால், வண்டி எப்போதும் வெறுமையாக இருப்பதாக நினைத்துப் பின்பிரேக்கைக் குறைத்துவிடும். பழத்தோடு மலையிறங்குபவருக்கு இது உயிர் விஷயம். புது ஸ்பிரிங்கை அச்சோடு பிடிக்கும் யூ போல்ட்டையும் 500 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்கச் சொல்லுங்கள்.

கேட்டவர்

தண்டு இருக்கிறது. தூக்கியபோது அதை யாரும் தொடவே இல்லை போலிருக்கிறது. நாளைக்கே அதைச் சரிசெய்துவிட்டுத்தான் தோட்டத்துக்குப் போவேன்.