நீர்வண்ணத் தாள் யாழ்ப்பாணத்தில் எங்கே கிடைக்கும்?

நல்லூரில் இருக்கிறேன், நீர்வண்ணம் பழகத் தொடங்கி இரண்டு மாதம். தண்ணீர் பட்டதும் தாள் அலையலையாக நெளிகிறது. இரண்டாம் பூச்சுக்கு மேல்தோல் திரண்டு உரிகிறது. பண்ணைக் கடலின் மாலை வானம் கீறினால் சேறுதான் மிச்சம்.

கையில் 12 நிற டியூப் பெட்டி, 4ஆம் 8ஆம் இலக்க வட்டத் தூரிகைகள், பள்ளிக்கூடச் சித்திரக் கொப்பி. நாலு பக்கமும் டேப் ஒட்டினேன், தண்ணீரைக் குறைத்தேன், பின்பக்கத்தையும் நனைத்துப் பார்த்தேன். தூரிகையைக்கூட மாற்றினேன், வீண் செலவு. பிறகுதான் தெரிந்தது, 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) தடிப்புள்ள தாள் வேண்டுமாம், பருத்தி இழையில் செய்தது என்றால் இன்னும் நல்லதாம்.

நகரில் நான்கு கடை ஏறி இறங்கிவிட்டேன். கேட்டால் பிரிஸ்டல் போர்ட் என்கிற அட்டையை நீட்டுகிறார்கள். கொழும்பிலிருந்து முழுக் கட்டு எடுக்கக் காசு இல்லை.

இந்தத் தாளை ஒன்றிரண்டாக விற்கிற கடை யாழ்ப்பாணத்தில் எது?